மேற்குச் சுவரும் இரண்டு இஞ்சு இடமும்

மதுரையில் சித்திரை மாதத்து ராத்திரி பத்து மணிக்கு, மாடி வீட்டின் மேற்குப் பக்கத்து அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். தெருவில் காற்று சற்றே இறங்கியிருக்கும். சுவரின் உள்முகம் மட்டும் அப்போதுதான் தன் உச்சச் சூட்டை எட்டிக்கொண்டிருக்கும். ஃபேனை ஐந்தில் வைத்தும் சுவரோரம் படுத்திருப்பவருக்கு ஒரு பக்கம் காந்துகிறதே, அதற்குக் காரணம் அந்தச் சுவர் வீசும் வெப்பக் கதிர்.

இந்தத் தாமதத்தைக் கணக்கிட வழி சொன்னவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே. 1798-இல் நெப்போலியன் படையோடு எகிப்துக்குப் போய் வெயில் தேசத்தைக் கண்ணால் கண்டவர். 1822-இல் அவர் வெளியிட்ட வெப்பக் கோட்பாட்டு நூல் சொல்வது இது: ஒரு திடப்பொருளின் வெளிமுகம் பகலில் சூடேறி இரவில் ஆறினால், அந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையாக உள்ளே நகரும், போகப்போக அலை தேயும், நேரத்திலும் பின்தங்கும். செங்கல்லின் குணங்களை அந்தச் சமன்பாட்டில் இட்டால், நம்மூர் ஒன்பது இஞ்சு சுவரைக் கடக்க அலைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடிக்கிறது. மேற்குச் சுவரில் வெயில் உறைப்பது மாலை மூன்றரை, நான்கு மணிக்கு. கூட்டிப் பார்த்தால் ராத்திரி பத்து, பதினொன்று. செலவை மிச்சம் பிடிக்க நாலரை இஞ்சில் எழுப்பிய சுவர் என்றால் பாதி நேரத்திலேயே சூடு உள்ளே வந்துவிடும். அலை தேய்வதும் குறைவு. பிள்ளைகள் படிக்க உட்காரும் ஏழரை மணிக்கு அந்த அறையில் இருக்க முடியாது.

ஏன் மேற்குச் சுவர் மட்டும்? மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் வைகாசி, ஆனியில் வடக்குச் சுவரிலும் வெயில் ஏறும். தெற்குச் சுவர் கோடையில் தப்பித்துக்கொள்ளும். அதற்கு மார்கழி, தையில்தான் வெயில். மொட்டை மாடி நாள் முழுக்கக் காயும். கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் விழுகிற வெயில் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் கிழக்கே வெயில் படும்போது ஊர் ராத்திரியின் குளுமையை இன்னும் முழுதாக இழந்திருக்காது. மேற்கே படும்போது காற்றே 38, 39 டிகிரியில் இருக்கும். ஏற்கெனவே சூடான காற்றால் அந்தச் சுவரை ஆற்ற முடியாது.

கோடையில் மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட்டுக்கு மேல் வெயில் விழுகிறது. அடர் சாம்பலோ செங்காவியோ அடித்த சுவர் அதில் 70 விழுக்காடு வரை உறிஞ்சும். அதன் வெளிமுகம் 60 டிகிரியைத் தொடும். வெள்ளைச் சுண்ணாம்பு உறிஞ்சுவது 30 விழுக்காடு போல. முகம் 48 டிகிரியை ஒட்டி நிற்கும். புதிதாக எழும்பும் வீடுகளுக்கெல்லாம் அடர் சாம்பல் பூசும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. படத்தில் அழகாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த நிறத்துக்கு அந்த வீட்டார் ஒவ்வொரு கோடையிலும் விலை கொடுக்கிறார்கள்.

நிறத்துக்கு அடுத்தது வெப்பக் காப்பு. இன்சுலேஷன் என்றாலே குளிர்நாட்டுச் சமாச்சாரம், வெயில் ஊருக்கு எதற்குப் போர்வை என்று பலரும் கேட்கிறார்கள். மீன் மார்க்கெட்டுக்கு வரும் ஐஸ் பாளத்தை மரத்தூள் கொட்டிச் சாக்கால் மூடுகிறார்களே, அதே காரியம்தான். காப்பு சூட்டை உண்டாக்குவதுமில்லை, குளிரை உண்டாக்குவதுமில்லை. வெப்பம் நகரும் வேகத்தைக் குறைக்கிறது. எங்கே சூடு அதிகமோ அங்கிருந்து வருவதைத் தடுக்கும்.

நாம் தெர்மோகோல் என்று சொல்லும் பாலிஸ்டைரீன் நுரையில் 98 விழுக்காடு காற்று. அதன் வெப்பக் கடத்துத் திறன், மீட்டருக்கும் டிகிரிக்கும் சுமார் 0.035 வாட். செங்கல்லுக்கு அது 0.7-ஐ ஒட்டி வரும். அதாவது இருபது மடங்கு. இரு பக்கமும் பூசிய ஒன்பது இஞ்சு சுவர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு 2 வாட் வெப்பத்தை விடும். அதன்மேல் 50 மில்லிமீட்டர், நம் கணக்கில் இரண்டு இஞ்சு, தெர்மோகோல் ஒட்டினால் அரை வாட் ஆகிவிடும். ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவரை மூன்றடித் தடிப்பில் எழுப்பினாலும் இந்த அளவு தடுப்பு கிடைக்காது.

காப்பை உள்பக்கம் ஒட்டலாமே, அக்கம்பக்கத்தாரையும் மாநகராட்சி அலுவலகத்தையும் நாட வேண்டாமே என்று தோன்றும். இங்கேதான் பௌதிகம் குறுக்கே வருகிறது. உள்பக்கம் ஒட்டினால் செங்கல்லின் முழுக் கனமும் வெயில் பக்கத்தில் தனித்து நிற்கும். அறைக்கு அதன் உதவி போய்விடும். வெளிப்பக்கம் ஒட்டினால் அந்தக் கனம் அறையோடு சேரும். ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்தால் விடியற்காலை 26, 27 டிகிரிக் காற்றில் சுவர் ஆறி, மறுநாள் பகலில் அறையின் சூட்டைத் தானே மெல்ல வாங்கிக்கொள்ளும். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலுக்குள் கோடை மதியத்தில் நுழைந்தவருக்கு இது தெரியும். அங்கே தெர்மோகோல் கிடையாது. தடித்த செங்கல் தூண்களும், சுண்ணச்சாந்துப் பூச்சும், உயரமான விதானமும், நிழலும்தான். மகாலின் கனத்தை நம் ஐந்து சென்ட் வீட்டில் கொண்டுவர முடியாது. வெளிக்காப்பு, இருக்கிற ஒன்பது இஞ்சுச் சுவரையே அப்படி வேலை வாங்குகிறது.

நிபந்தனை ஒன்று உண்டு. காப்பு போட்ட வீட்டில் ராத்திரி ஜன்னலை மூடிவைத்தால் அடுப்பு, விளக்கு, ஃபிரிட்ஜ், மனித உடல் எல்லாம் விட்ட சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். கொசுவலை அடித்த ஜன்னல் இல்லாமல் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளில்லை.

ஏசி ஓடும் அறைக்கு ஒரு கணக்கு. பத்தடி உயரம், பன்னிரண்டடி நீளம் உள்ள மேற்குச் சுவர். அடர் நிறம் பூசியது. கோடையின் ஒரு முழு நாளுக்குச் சராசரி எடுத்தால் அதன் வழியாக 220 வாட் போல உள்ளே வருகிறது என்பது என் கணக்கு. வெள்ளையடித்தால் 170. இரண்டு இஞ்சுக் காப்பு போட்டால் 55. அதே அறையின் மேல்தளக் கான்கிரீட் வழியாக வருவதோ காப்பில்லாத சுவர் வழியே வருவதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே மேல்தளம் வெறும் கான்கிரீட்டாக நிற்க, சுவரில் பணம் போடுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். முதலில் மாடிக்கு வெள்ளை, அல்லது செங்கல் ஜல்லியும் தட்டோடும்; அப்புறம் மேற்குச் சுவர். மற்ற மூன்று சுவர்களுக்கும் பெரும்பாலும் நல்ல சன்ஷேடும் வெளிர் நிறமுமே போதும்.

காப்பு ஒட்டும் வேலையை அருகில் நின்று பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்க தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது காற்று அவற்றைக் கரைக்கு ஒதுக்கியது நினைவிருக்கும். அவ்வளவு எடையற்ற பொருளை ஆடி மாதக் காற்றில் சுவரில் நிறுத்த வேண்டும். பழைய பூச்சைத் தட்டிப் பார்த்து, பொத்தல் சத்தம் வரும் இடத்தைக் கொத்தி எடுத்து, சிமென்ட் பசை தடவி அட்டையை ஒட்டி, அகலத் தலை வைத்த பிளாஸ்டிக் ஆணிகளைச் செங்கல் வரை இறக்குகிறார்கள். மேலே மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையை அழுத்தி, வலை மறையும்படி இன்னொரு பூச்சு. வலையில்லாவிட்டால் முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு ஓடும். ஜன்னல் மூலைகளில் வலைத்துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்து ஒட்டும் கொத்தனார் வேலை தெரிந்தவர். வெடிப்பு எப்போதும் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும். பிறகு சன்ஷேடு. சுவரிலிருந்து நீளும் அந்தக் கான்கிரீட் பலகை காப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்பதால் வெயிலின் சூட்டை நேரே லிண்டலுக்குக் கொண்டுபோகும். அதன் மேல்பக்கத்திலும் காப்பை மடித்துவிட்டால் நல்லது.

இரண்டு எதிரிகள் உண்டு: தண்ணீர், தீ. ஐப்பசி அடைமழையில் அட்டைக்குப் பின்னால் இறங்கிய நீர் வெயில் வந்தாலும் எளிதில் காயாது. பிரிட்டனில் அரசு உதவியோடு வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் வேலைக் குறைபாடு இருந்ததை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2025-இல் வெளியிட்டது. ஈரமும் பூஞ்சையும்தான் அந்த வீட்டாரின் முதல் துன்பம். தீயின் பாடம் இன்னும் கொடியது. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் எரியக்கூடிய வெளிப்போர்வை வழியாகத் தீ மாடி மாடியாக ஏறி 72 பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களைத் தடைசெய்தது. நம் வீடு இரண்டே மாடிதான் என்றாலும் வெளிச்சுவரில்தான் இபி மீட்டர் பெட்டி இருக்கிறது. தீபாவளி ராக்கெட் எந்தச் சுவரில் மோதும் என்று யாருக்கும் தெரியாது. மீட்டரைச் சுற்றி எரியாத பாறைப் பஞ்சு, அதாவது ராக் வுல், வைப்பதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகும். அதைச் செலவு என்று நான் எண்ணமாட்டேன்.

இனி அனுமதி. இந்தக் காப்பு சுவரை வெளிப்பக்கமாக இரண்டு இஞ்சு, பூச்சோடு சேர்த்தால் இரண்டரை இஞ்சு நகர்த்துகிறது. அந்த இரண்டரை இஞ்சு யாருடைய இடம்?

மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய மதுரையில் கேள்வி எழுவதே குறைவு. அங்கே வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. பக்கச் சுவருக்கு அடுத்த வீடே காப்பு. குறுகிய தெருவில் எதிர்வீட்டு நிழல் முன்சுவரில் விழும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி கோபுரங்களின் தோற்றத்துக்காக வந்தது. காப்பு உயரத்தைக் கூட்டாததால் அந்த விதி இங்கே குறுக்கிடாது. ஆனால் அந்த வீடுகளின் முன்சுவர் நிற்பது தெருவின் விளிம்பிலேயே. அதற்கு மேல் இரண்டு இஞ்சு நீட்டினாலும் அது மாநகராட்சி நிலம். மாசி வீதி என்றால் தேர் ஓடும் தடம். அங்கே நீட்டக் கூடாது, நீட்டத் தேவையுமில்லை.

கதை மாறுவது புதிய குடியிருப்புகளில். எல்லீஸ் நகர், கே.கே. நகர், திருநகர், அதற்கும் அப்பால் மேலூர் சாலையிலும் திருமங்கலம் சாலையிலும் வயல் அழிந்து மனையான இடங்களில் வீடுகள் தனித்தனியே நிற்கின்றன. நிற்கவைத்தது விதி. மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்துப் பக்கத்தில் ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ செட்பேக் என்ற காலியிடம் விட வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். செட்பேக்கின் நோக்கம் நல்ல நோக்கம்: காற்று, வெளிச்சம், தீயணைப்போர் நுழைய வழி. அதன் விளைவு ஒன்றைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒட்டி நின்ற வீடுகளில் வெயில் படும் சுவர் ஒன்றோ இரண்டோதான் இருந்தது; தனித்து நிறுத்தியதும் நான்கு சுவர்களும் வெயிலுக்குத் திறந்தன. பக்கத்து மனையில் மாடி எழும்பினால் கீழ்த்தளத்துக்கு நிழல் கிடைக்கும், மேல்தளத்துக்கு அதுவும் இல்லை. வெயிலுக்குச் சுவரைத் திறந்துவிட்ட விதியே அந்தச் சுவரை மூடிக்கொள்ள இரண்டு இஞ்சு இடம் கொடுக்க வேண்டும் என்பது என் வழக்கு.

சட்டம் இப்போது சொல்வதைப் பார்ப்போம். எந்த வேலைக்குத் திட்ட அனுமதி வேண்டும் என்பதன் வேர் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் குறிப்பிடும்படி மாற்றாத பராமரிப்பு, திருத்த வேலைகள் சிலவற்றை அது அனுமதி தேவைப்படும் வளர்ச்சிப் பணியிலிருந்து ஒதுக்கிவைக்கிறது. இந்த அளவுகோல் பிரிட்டனின் 1947-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டத்தின் வழி வந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் பூச்சு, ஒட்டுப்போடுதல், தரை மாற்றுதல் போன்றவற்றுக்கு அனுமதி கேட்பதில்லை. சுவரை மறுபடி பூசுகிறேன் என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். பூச்சு அரை இஞ்சு. காப்போடு பூசினால் இரண்டரை இஞ்சு. எந்தத் தடிப்பில் பூச்சு வேலை கட்டுமானமாகிறது?

இடத்தின் கணக்கு எளிது. ஒன்றரை மீட்டர் செட்பேக்கை விதிப்படி முழுதாக விட்டுக் கட்டிய வீட்டில், காப்பு ஒட்டியபின் 1.44 மீட்டர் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத குறைவு. டேப் பிடித்தால் தெரியும். செட்பேக்குக்குள் சன்ஷேடு நீள விதி தானே இடம் கொடுக்கிறது. அது நீள்வது அடிக்கணக்கில். காப்போ சன்ஷேடும் அல்ல, கார்னிஸும் அல்ல. தரையிலிருந்து மாடி வரை தொடரும் சுவரின் பகுதி. அதனால் அளக்க வருபவர் அதைச் சுவர் என்று எடுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. தளப்பரப்புக் கணக்கிலும் சுவரின் வெளிமுகம் வரை எடுத்தால், முப்பதடி நீளச் சுவருக்கு மாடிக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல் கூடும். அவ்வளவுதான்.

மற்றவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள்? இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்கு, புதிய பூச்சு பழைய தோற்றத்தை ஒத்திருந்தால், வெளிக்காப்புக்குத் தனி விண்ணப்பம் பெரும்பாலும் வேண்டியதில்லை. பாரம்பரியப் பகுதி என்று அறிவித்த தெருக்களில் வேண்டும். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கும் பழைய வீட்டுக்குக் காப்பு போட்டால், அது பக்கத்து மனைக்குள் 25 சென்டிமீட்டர் வரை நீள்வதை அடுத்த வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஈட்டுத்தொகை உண்டு. இப்படி அண்டை வீட்டாரின் உரிமையில் கைவைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் வரை போய், 2021 நவம்பரில் விதி செல்லும் என்று தீர்ப்பானது. பெர்லினின் இதே போன்ற விதியும் 2022-இல் நிலைத்தது. அடுத்தவர் மனையில் பத்து இஞ்சு என்பது நம் ஊரில் கேட்கக்கூடிய காரியமல்ல. வரப்புத் தகராறின் வரலாறு நமக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது அவரவர் செட்பேக்குக்குள் இரண்டரை இஞ்சு.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புகளின் சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் குடியிருப்புகளையும் அந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஒரு கையால் வெயிலைப் பேரிடர் என்று எழுதும் அரசு, மறு கையால் எழுதும் கட்டட விதியில் காப்புக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல: ஏற்கெனவே கட்டிய வீட்டின் வெளிச்சுவரில் 75 மில்லிமீட்டர் வரை எரியாத வெப்பக் காப்பு சேர்த்தால் அதைச் செட்பேக் மீறலாகவோ தளப்பரப்பாகவோ கொள்ள வேண்டாம். தெரு விளிம்பில் நிற்கும் சுவருக்கும் வேறொருவர் நிலத்துக்குள் நீள்வதற்கும் இந்தச் சலுகை கிடையாது என்றும் சேர்த்து எழுதலாம்.

அந்த வரி வரும்வரை என்ன செய்வது? புது வீடு கட்டுபவருக்கு வழி நேரானது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியே உடனே அனுமதி கிடைக்கிறது. வரைபடத்தில் தவறிருந்தால் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. ஆகவே பிளான் போடும்போதே மேற்குச் சுவரைக் காப்போடு சேர்த்த தடிப்பில் வரையச் சொல்லுங்கள். செட்பேக்கை அந்த வெளிமுகத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். இன்று பணம் இல்லை, ஐந்து வருடம் கழித்துத்தான் ஒட்டப்போகிறீர்கள் என்றாலும் இடம் இருக்கும். புதுச் சுவருக்கு இன்னொரு வழி, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் டிராப் கட்டு. செங்கல்லை நெட்டுக்கு நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் அந்த முறை செங்கல்லில் கால் பங்கு மிச்சம் பிடிப்பதோடு சூட்டையும் குறைக்கிறது. சுவரின் தடிப்பும் கூடுவதில்லை.

பழைய வீட்டுக்காரர் முதலில் அப்ரூவல் பிளானை எடுத்து, மேற்குப் பக்கம் எவ்வளவு விட்டிருக்கிறது என்று நேரே அளந்து பார்க்க வேண்டும். விதி கேட்பதைவிட மூன்று இஞ்சு கூடுதலாக இருந்தால் செட்பேக் பற்றிய கவலை தீர்ந்தது. குறைந்தால், மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் படத்தோடு ஒரு விண்ணப்பம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச் சொல் அடுத்த அலுவலர் வரும்வரைதான் நிற்கும். சுற்றியுள்ள குன்றுகளின் சமணப் படுக்கைகள் போலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்துக்கு அருகே வீடு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மத்தியச் சட்டப்படி சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் பழுதுபார்க்கவும் தனி அனுமதி வாங்க வேண்டும். அடுத்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாரம் கட்ட அவர் பக்கத்து இடம் தேவைப்படலாம்.

எதற்கும் இடமில்லை என்றால் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பார்க்கக்கூடிய தென்னங்கீற்றுத் தட்டி இருக்கிறது. மேற்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பங்குனியில் கட்டி, மழை தொடங்கும் முன் அவிழ்த்துவிடலாம். வெயில் தட்டியில் விழும். தட்டிக்கும் சுவருக்கும் இடையே சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்படிக்கும் மீட்டருக்கும் அருகே மட்டும் கூடாது.

மதுரையில் மேற்குப் பார்த்த மனை விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் நிறையப் பேர். வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடும் அன்றே, மேற்குச் சுவருக்கான காப்பையும் மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி இன்ஜினீயரிடம் கேளுங்கள்.